கரிசக்காட்டில் ஒரு கண்ணாடிப் பூ!

உங்ககிட்ட ஒரு கேள்வி. 'எனாமல்'னு சொன்னா என்ன ஞாபகம் வரும்? ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பெயின்ட்? டூத்பேஸ்ட் விளம்பரத்துல வர்ற பல்லு? எனக்கும் அவ்வளவுதான் தெரியும்... திருச்சுழி பஸ்ஸில் ஏறுற வரைக்கும்!

முதல்ல என்னைப் பத்தி. மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கையில ரெண்டு அரியர். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் முழுக்க படம் வரையுற ஜாதி. (முதல் பக்கமும்தான். அதனாலதான் ரெண்டு அரியர்!) "அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட் வருது. இந்தப் பொம்மை போடுறதை எல்லாம் மூட்டை கட்டி வை"ன்னு அப்பா சொல்லிட்டார். தறிச் சத்தத்துக்கு நடுவுல அவர் ஒரு வார்த்தை சத்தமாச் சொன்னா, அது ஃபைனல் ஆர்டர்.

அப்பீல் பண்ண ஒரே ஒரு கோர்ட்தான் இருக்கு. திருச்சுழி பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற என் மதினி. பெரியப்பா மகன் அண்ணனோட வீட்டுக்காரங்க. மருத்துவமனையில் நர்ஸ். மூணு ஷிஃப்ட் வேலை. அதோட, வீட்டுப் பின்கட்டில் அடுப்பு வெச்சு 'ஏதோ கண்ணாடி சுடுறாங்க'ன்னு சொந்தக்காரங்க மத்தியில் பேச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பிட்டேன். நீங்களும் வாங்க, ஜன்னல் சீட் காலியா இருக்கு!

டவுன் பஸ்ஸும் கறுப்பு மண்ணும்

அருப்புக்கோட்டையைத் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. கைத்தறிச் சேலை, நூல் மில், மல்லிகைப் பூ... இந்த மூணும்தான் ஊர். 'அரும்புக்கோட்டை'தான் மருவி அருப்புக்கோட்டை ஆச்சுன்னு எங்க ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க. 1977-ல் எம்.ஜி.ஆர். முதன்முதலா முதலமைச்சர் ஆனப்ப அவர் ஜெயிச்சு வந்த தொகுதியும் இதுதான். இதைச் சொல்லாம எங்க ஊர்க்காரங்க யாரும் ஊர்ப் பெருமையை முடிக்க மாட்டாங்க. நானும் சொல்லியாச்சு!

டவுன் பஸ்ல பொம்பளைப் பிள்ளைகளுக்கு 2021-லிருந்து டிக்கெட் இலவசம். பஸ் ஊரைத் தாண்டினதும் ரெண்டு பக்கமும் கரிசல். மழை பெஞ்சா செருப்பைப் பிடிச்சு வெச்சுக்கிற மண்ணு, வெயில் அடிச்சா கால் விரல் நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, கொத்தமல்லி... மழையை நம்பிப் போடுற வெள்ளாமை. எதுவும் போடாத இடத்தில் சீமைக்கருவேல். அதை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, உள்ளே தீ வெச்சு மூடினா அதுதான் கரிமூட்டம். நாள்கணக்கா உள்ளுக்குள்ளயே வெந்து கரியாகும். ரோட்டோரமா புகை விட்டுக்கிட்டு நிக்கிற அந்த மூட்டங்களை சின்ன வயசுல 'மலை பீடி குடிக்குது'ன்னு நினைச்சிருக்கேன்.

திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர். 1879 டிசம்பர் 30. அவர் பிறந்த வீடு இப்பவும் 'சுந்தர மந்திரம்'னு இருக்கு. பக்கத்திலேயே சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில். அம்மன் பேரு துணைமாலை. என்ன அழகான பேரு, இல்ல? ஊரை ஒட்டிக் குண்டாறு. ஆறுன்னு பேரு இருக்கே தவிர, வருஷத்துல பெரும்பாலான நாள் மணலும் முள்ளும்தான். தண்ணி இல்லாத ஆத்துப் பாலத்துல காத்து மட்டும் நல்லா வீசும்.

அங்கே இறங்கி, மினி பஸ் பிடிச்சு, கண்மாய்க் கரையில் நடந்து... மதினி வீடு!

சுடாத அடுப்பு

"வா பிள்ள. சாப்பிட்டியா?" நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த கண்ணு. தலைமுடியைக்கூட அவிழ்க்கலை. நான் வந்த விஷயத்தை ஒரே மூச்சுல கொட்டினேன். "படம் வரையுறதை விட்டுடவா மதினி?"

அவங்க பதில் சொல்லலை. பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சுவத்தைக் காட்டினாங்க.

அசந்துட்டேன்! உள்ளங்கை அளவு செம்புத் தகடுகள். ஒன்பது. ஒவ்வொண்ணுலயும் ஒரு பூ. மஞ்சள் பருத்திப் பூ, ஊதா எருக்கு, ஆவாரை, கருவேலம் பூ, நெருஞ்சி... எல்லாம் நான் பஸ்ல பாத்துக்கிட்டே வந்த செடிங்க. ஆனா வெயில்ல மின்னுது. தொட்டா கண்ணாடி. தட்டினா உலோகம்.

"மாசம் ஒரு பூ. பன்னெண்டு மாசத்துக்கு நம்ம காட்டுப் பூ பன்னெண்டு. ஒன்பதோட நின்னு போச்சு. ஏழு மாசம் ஆச்சு."

"ஏன்?"

கொஞ்ச நேரம் பேசலை. "வார்டுல ஒரு சின்னப் பையனை இழந்துட்டோம் பிள்ள. அன்னிக்கு நான்தான் ட்யூட்டி. அதுக்கப்புறம் இந்த அடுப்புப் பக்கம் வரவே மனசு வரலை. மனசு வந்தப்போ அடுப்பு செத்துப் போச்சு."

அந்த அடுப்பு ஒரு சின்ன இரும்புப் பெட்டி. மதுரையில் மூடின ஒரு பல் செட் கட்டுற லேபிலிருந்து பழசா வாங்கினது. பீங்கான் பல் சுடுற அடுப்புக்கும் எனாமல் அடுப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டுக்கும் வேண்டியது 800 டிகிரிக்கு மேல சூடு. கதவைத் திறந்து பாத்தேன். காயில் நடுவுல அறுந்து தொங்குது. இழுத்து முறுக்கி ஒட்டுப் போட்ட தடம் மூணு இடத்துல.

"இது போன தீபாவளிக்கே தகராறு பண்ணுச்சு. பகல்ல போட்டா முள்ளு 640-ஐத் தாண்டாது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல போட்டாத்தான் ஏறும். ஏன்னே தெரியலை"ன்னாங்க.

எனக்குள்ள ஏதோ பல்பு எரிஞ்சது. லோ வோல்டேஜ் பல்புதான். ஆனாலும் எரிஞ்சது!

அப்போ எனாமல்னா என்ன?

கொஞ்சம் பாடம். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

எனாமல் பெயின்ட்டுக்கும் இந்த எனாமலுக்கும் பேர்ப் பொருத்தம் மட்டும்தான். பெயின்ட் என்பது ரெசினில் கலக்கின நிறம். இது நிஜக் கண்ணாடி! கண்ணாடியைப் பொடியாக்கி, உலோகத்து மேல தூவி, சுமார் 750-லிருந்து 850 டிகிரி சூட்டில் ரெண்டு மூணு நிமிஷம் வெச்சா, அது உருகி உலோகத்தோட ஒட்டிக்கும். நிறம் தர்றது உலோக ஆக்ஸைடுகள். கோபால்ட் போட்டா நீலம். செம்பு போட்டா பச்சை, மயில் நிறம். மாங்கனீஸ் போட்டா ஊதா. டின் ஆக்ஸைடு போட்டா பால் வெள்ளை. தங்கத்தைக் கொஞ்சூண்டு கரைச்சா மாதுளைச் சிவப்பு!

சைப்ரஸ் தீவில் 3,000 வருஷத்துக்கு மேல பழசான எனாமல் வெச்ச தங்க மோதிரங்கள் கிடைச்சிருக்கு. நம்ம நாட்டில் இதுக்குப் பேரு மீனாகாரி. 16-ம் நூற்றாண்டின் கடைசியில் ராஜா மான்சிங் லாகூரிலிருந்து கைவினைஞர்களை வரவழைச்சார், அதுலருந்து ராஜஸ்தானில் வேர் பிடிச்சதுன்னு ஜெய்ப்பூரில் சொல்வாங்க. காசியில் ரோஜா நிறத்தில் தீட்டுற 'குலாபி மீனாகாரி' தனி ஸ்டைல். அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்க வீட்டு கீசர் டேங்க்கின் உள்பக்கம் 'கிளாஸ் லைன்டு'ன்னு போட்டிருந்தா அதுவும் எனாமல்தான். அந்தக் காலத்து வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு வெச்ச டம்ளர், அதுவும் இதேதான்.

மதினி கத்துக்கிட்டதும் ஜெய்ப்பூர்லதான். அவங்க தம்பி ராணுவத்தில் அங்கே இருந்தப்போ, 15 நாள் லீவு போட்டுப் பாக்கப் போனாங்க. கோட்டையைப் பாத்தது ஒரு நாள். மிச்ச 14 நாளும் ஒரு சந்துல, ஒரு மீனாகாரிப் பெரியவர் பட்டறை வாசலில்! "அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஊசி போடுறப்போ கை எப்படி நடுங்கக் கூடாதோ, அப்படி அவர் கை. அது மட்டும் புரிஞ்சது."

'வேலைக்கும் போய்க்கிட்டு இதெல்லாம் நடக்குமா?'ன்னு நினைக்கிறீங்கதானே? பாலன் நம்பியார்னு ஒரு கலைஞர். 1937-ல் கேரளாவின் கண்ணபுரத்தில் பிறந்தவர். தென்னக ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பாத்தவர். அப்புறம் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படிச்சார். எனாமல் கலையை அவருக்குக் கத்துக் கொடுத்தது யார் தெரியுமா? அவரோட மாமனார்! இத்தாலியின் பதுவா நகரத்து எனாமல் மேதை பாவ்லோ தெ போலி. மாமனார்கிட்ட பைக் கேக்குற ஊர்ல, எனாமல் கத்துக்கிட்ட மருமகன்!

இன்னொருத்தர் நந்தகோபால். லயோலா கல்லூரியில் இயற்பியல் படிச்சுட்டு சிற்பி ஆனவர். செம்பும் பித்தளையும் எனாமலும் சேர்த்துச் சிற்பம் செஞ்சவர். 2017-ல் காலமானார். அவர் இருந்த சோழமண்டல ஓவியர் கிராமம் 1966-ல் அவரோட அப்பா கே.சி.எஸ். பணிக்கர் முயற்சியில் தொடங்கினது. அங்கே ஓவியர்கள் பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்து, அந்தக் காசுல வயித்தைப் பாத்துக்கிட்டு, மிச்ச நேரத்தில் தங்களுக்காக வரைஞ்சாங்க. எங்க கரிசல் பக்கமே பாருங்க, 'அஞ்ஞாடி' நாவலுக்கு 2014-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கின பூமணி, கூட்டுறவுத் துறையில் அதிகாரியா வேலை பாத்தவர்!

அரியர் பேப்பர் கைகொடுத்த கதை

சரி, அடுப்புக்கு வருவோம். மல்டிமீட்டரை எடுத்து பிளக் பாயின்ட்டில் வெச்சேன். 180 வோல்ட்! வர வேண்டியது 230. சுத்துவட்டாரத்துல பம்ப்செட் எல்லாம் ஓடுற நேரம்.

இப்போ பிளஸ் டூ ஃபிசிக்ஸை ஞாபகப்படுத்துங்க. சூடு தர்ற பவர், வோல்டேஜின் வர்க்கத்துக்குத் தகுந்த மாதிரி மாறும். 180-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் போட்டா 0.61. அதாவது 1,000 வாட் அடுப்பு, பகல்ல வெறும் 610 வாட் அடுப்பு! வோல்டேஜ் குறைஞ்சது கால்வாசிக்கும் கம்மி. சூடு குறைஞ்சது அஞ்சுல ரெண்டு பங்கு. முள்ளு 640-ல் நின்னது அதனாலதான். ராத்திரி மோட்டார் எல்லாம் நின்னதும் வோல்டேஜ் ஏறும், அடுப்பும் ஏறும். நான் அரியர் வெச்சிருக்கிறது சர்க்யூட் தியரியில்னு இந்த இடத்தில் சொல்லியே ஆகணும்.

"அப்போ 1,500 வாட் காயில் போட்டா?"ன்னேன். 180 வோல்ட்ல அது 920 வாட் தரும். ராத்திரி வோல்டேஜ் கூடினாலும் பயமில்லை, அடுப்பில் இருக்கிற கன்ட்ரோலர் 800-ல் கட் பண்ணிடும். பிளக்கும் வயரும் தாங்குமான்னு பாத்தேன், தாங்கும்.

அண்ணன் வயக்காட்டுலருந்து வந்து எட்டிப் பாத்தார். "ரெண்டு அரியர் வெச்சிருக்கிற பிள்ள அடுப்பைத் தொடுது. வீடு பத்திக்கிட்டா யாரு பொறுப்பு? கரன்ட் பில்லு வேற!" கணக்குப் போட்டுக் காட்டினேன். முழுசா ஒரு மணி நேரம் எரிஞ்சாலே ஒன்றரை யூனிட்தான். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் வேற. அண்ணன் ஒண்ணும் சொல்லாம, தன் டூவீலர் சாவியைக் கொடுத்தார். எங்க வீட்டு ஆம்பளைங்க சரின்னு சொல்ற ஸ்டைல் அது!

அருப்புக்கோட்டை வரைக்கும் திரும்பப் போய் நைக்ரோம் காயில் வாங்கினேன். சுருள் சுருளா இருக்கிற காயிலை இழுத்து, செங்கல் காடியில் பதிக்கணும். பதிச்சேன். போட்டேன். ஒரு மூலை மட்டும் வெள்ளையா ஜொலிக்குது, இன்னொரு மூலை மங்கலா இருக்கு. சுருள்களை நான் சமமா இழுக்கலை. நெருக்கமா இருந்த இடத்தில் சூடு குவிஞ்சு, பத்தே நிமிஷத்தில் பட்! அவ்வளவுதான். இருட்டு.

அழுகை வந்துடுச்சு. நிஜமா. மதினி என் முதுகுல கை வெச்சாங்க. "வார்டுல முதல் ஊசி குத்துறப்போ எனக்கு நரம்பே கிடைக்கலை. மூணு தடவை குத்தினேன். அந்தப் பாட்டி, 'பதட்டப்படாதம்மா, இன்னொரு கை இருக்கு'ன்னு சொல்லிச்சு."

நல்லவேளை, ரெண்டு காயிலா வாங்கியிருந்தேன். இந்தத் தடவை காடியின் நீளத்தை நூல் வெச்சு அளந்து, ஒரு சாண் ஒரு சாணா பென்சில்ல குறிச்சு, சுருளை எண்ணி எண்ணி இழுத்தேன். எர்த் வயரை ரெண்டு தடவை செக் பண்ணினேன். சுவிட்ச்.

முழுக் காயிலும் ஒரே மாதிரி செவந்தது. கோயில் கருவறை விளக்கு மாதிரி. முள்ளு 640-ஐத் தாண்டினப்போ மதினி வாயைப் பொத்திக்கிட்டாங்க. 700. 750. 800!

பத்தாவது பூ

பத்தாவது பூ, கொத்தமல்லி. செம்புத் தகட்டைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சாங்க, நம்ம வீட்டுச் செம்புக் குடம் தேய்க்கிற மாதிரியே. தண்ணி ஊத்தினா முத்து முத்தா நிக்காம பரவி ஓடணும், அப்போதான் எண்ணெய்ப் பிசுக்கு போச்சுன்னு அர்த்தம். அப்புறம் லேசா கோந்துத் தண்ணி. மாஸ்க்கைக் கட்டிக்கிட்டு, டீ வடிகட்டியில் கண்ணாடிப் பொடியைப் போட்டு மெதுவா தட்டினாங்க.

முதல்ல பூசினது பின்பக்கம்! "யாரும் பாக்காத பக்கத்துக்கு ஏன் மதினி?"

"இன்ஜினீயர் நீதானே, நீ சொல்லு."

யோசிச்சேன். செம்பு சூட்டில் நல்லா விரியும், ஆறும்போது நல்லா சுருங்கும். கண்ணாடி அந்த அளவுக்கு இல்லை. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி இருந்தா, ஆறுறப்போ தகடு வளையும், கண்ணாடி தெறிக்கும். ரெண்டு பக்கமும் இருந்தா இழுப்பு சமம் ஆயிடும். முன்பக்கத்துப் பூ உடையாம இருக்கிறதே, சுவத்தைப் பாத்துத் திரும்பியிருக்கிற பின்பக்கத்தால!

பின்பக்கத்தைச் சுட்டு எடுத்து, ஆறவிட்டு, முன்பக்கத்தில் பூவைத் தூவினாங்க. அடுப்பின் சின்ன ஓட்டை வழியா பாத்தேன். பொடி முதல்ல சர்க்கரை மாதிரி ஆச்சு. அப்புறம் ஆரஞ்சுத் தோல் மாதிரி. அப்புறம் திடீர்னு... தண்ணி மாதிரி பளபளன்னு! நீள இடுக்கியில் வெளியே எடுத்தாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூவின் ரோஜா நிறமெல்லாம் கறுத்துக் கிடக்கு.

"போச்சா மதினி?"

"பொறு. சூட்டுல நிறம் பொய் சொல்லும்."

ஆற ஆற, ஓரத்திலிருந்து நிறம் திரும்பி வந்தது. முதல்ல பச்சை. அப்புறம் வெள்ளை. கடைசியா அந்த இளஞ்சிவப்பு. ஒரு மூலையில் முடி மாதிரி ஒரு விரிசல் விழுந்திருந்தது. அவங்க அதை விரலால் தடவிப் பாத்துட்டு, ஒன்பதுக்குப் பக்கத்துல பத்தாவதா மாட்டினாங்க. "இது இப்படியே இருக்கட்டும்"னாங்க. அந்தப் பையனைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கலை.

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்புறப்போ ஞாபகம் வந்தது. "மதினி, என் கேள்விக்குப் பதிலே சொல்லலையே?"

"அரியரை எழுதி முடி. அதை விடாதே. படத்தையும் விடாதே. ரெண்டையும் ஒரே நாள்ல செய்யணும்னு எவன் சொன்னான்? நான் மாசத்துக்கு ஒரு பூதான் சுட்டேன்." அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "உங்கப்பாகிட்ட அடுப்பு யாரு சரி பண்ணினதுன்னு நானே போன்ல சொல்றேன்."

சொல்லிட்டாங்க போல. வீட்டுக்குப் போனதும் அப்பா தறியை நிறுத்திட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, நம்ம தறி மோட்டாரும் பகல்ல ரொம்ப சூடாகுதே... அதுவும் வோல்டேஜ்தானா?"

படத்தைப் பத்தி அவர் இன்னும் எதுவும் சொல்லலை. நானும் கேக்கலை. டேபிள்ல இப்போ ஒரு பக்கம் சர்க்யூட் தியரி, ஒரு பக்கம் ஸ்கெட்ச் புக். பதினோராவது பூவுக்கான டிசைனை நான்தான் வரையுறேன். மல்லிகை அரும்பு. எங்க ஊர்ப் பூ ஆச்சே!

நீங்க திருச்சுழிப் பக்கம் போனா, பஸ் ஜன்னல் வழியா அந்தக் கரிமூட்டங்களைப் பாருங்க. வெளியே வெறும் மண்ணும் புகையுமாத்தான் தெரியும். உள்ளே என்ன நடக்குதுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

*ஒரு விஷயம் மக்களே: எனாமல் பொடி சிலதில் ஈயம் இருக்கும். மாஸ்க் இல்லாம, கண்ணாடி போடாம, தெரிஞ்சவங்க துணை இல்லாம முயற்சி பண்ணாதீங்க. அடுப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணுங்க. இது அரியர் வெச்சவ சொல்ற அட்வைஸ்தான், ஆனா சரியான அட்வைஸ்!*